விதைக்கிழங்கு: பெயரை மட்டும் கேட்டு வாங்காதீர்கள்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொழுந்து நிறுத்து முடித்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். "சேர், இந்தத் தடவை லயத்துக்குப் பின்னால் உருளைக்கிழங்கு போடப் போகிறோம். எந்த இன விதை நல்லது?" என்று பலரும் கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இனத்தின் பெயரைக் கேட்பதற்கு முன், "இந்த விதை எங்கே விளைந்தது?" என்று கேளுங்கள். இன்று நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வரிசைக்கு வரிசை இரண்டு அடி, செடிக்குச் செடி பத்து அங்குலம் விட்டு நட்டால், ஒரு பேர்ச்சில் ஏறத்தாழ 160 செடி நிற்கும். கோழி முட்டையை விடச் சற்றுச் சிறிய, 40 கிராம் அளவான கிழங்கு என்றால், ஒரு பேர்ச்சுக்கு ஆறரைக் கிலோ விதை வேண்டும். சுமாராக விளைந்தாலே 40 கிலோவை ஒட்டிக் கிடைக்கும். பசளைக்கும் மருந்துக்கும் முன்னால் நம் கையை விட்டுப் போகும் காசு விதைக் காசுதான். விதை பிழைத்தால் காசு மட்டும் போகாது, மண்ணும் போய்விடும்.

மண் எப்படிப் போகும்? நம் பாத்திகளில் வருகிற பெரிய கேடு வாடல் நோய். அது பற்றீரியாவால் வருவது. செடி பச்சையாக இருக்கும்போதே பகலில் சோர்ந்து விழும், சில நாளில் செத்துப்போகும். சந்தேகம் வந்தால் தண்டை அடியில் வெட்டி, கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீர் வைத்து, வெட்டிய முனை மட்டும் தண்ணீரில் தொடும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நூல் போல வெள்ளையாகக் கீழே இறங்கினால் அது வாடல்தான். கிழங்கைக் குறுக்கே வெட்டினால் உள்ளே பழுப்பு வளையம் தெரியும், அமுக்கினால் சீழ் போல வரும்.

இந்த நோய் விதைக்கிழங்குக்குள் ஒளிந்து வரும். குளிர்ந்த இடத்தில் விளைந்த கிழங்கு பார்வைக்குச் சுத்தமாக இருக்கும். அதையே பதுளைப் பக்கம் பதிவான, சூடான தோட்டத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி அங்கே நட்டால் நோய் வெளியே தெரியும். ஒரு தடவை மண்ணில் இறங்கினால் ஆண்டுக்கணக்கில் போகாது. தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் அதே குடும்பம் என்பதால் அவற்றையும் அங்கே வைக்க முடியாமல் போகும்.

நம்முடைய லயங்கள் சரிவில் இருக்கின்றன. மேல் லயத்துப் பாத்தியில் பெய்த மழை கீழ் லயத்துப் பாத்தி வழியாகத்தான் கானுக்குப் போகிறது. மேல் வீட்டில் ஒருவர் மலிவாக வாங்கிய விதை, கீழே இருக்கிற நாலு வீட்டு மண்ணைக் கெடுத்துவிடும். ஆகவே விதை வாங்குவது ஒரு வீட்டு விஷயம் அல்ல, லயத்து விஷயம்.

அதனால் சொல்கிறேன்: கடையில் கறிக்கு விற்கிற கிழங்கை நடாதீர்கள். பாகிஸ்தான் கிழங்கோ, இந்தியக் கிழங்கோ, ஊர்க் கிழங்கோ, கறிக்கு வந்தது கறிக்குத்தான். முளை வராமல் இருக்க மருந்து பட்டிருக்கலாம், நோய் இருக்கலாம். அதை விதைக்காக யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

இனி இனத்துக்கு வருவோம். நம் பகுதியில் அதிகம் நடுவது கிரனோலா. ஜெர்மனியிலிருந்து வந்த இனம். மஞ்சள் தோல், வெளிர் மஞ்சள் சதை, கண் ஆழமில்லை, தோல் சீவினால் சேதாரம் குறைவு. சந்தையில் உடனே போகும். வேரில் கடுகை விடச் சிறிய மஞ்சள் மணிகளாக ஒட்டுகிற வட்டப்புழு நுவரெலியா மண்ணில் உண்டு. அந்த மஞ்சள் மணிப் புழுவைக் கிரனோலா தாங்கும். ஆனால் பனியும் மழையும் சேர்ந்து வரும்போது இலையைச் சுட்டது போல ஆக்குகிற கருகல் நோயைத் தாங்காது.

டெசிரே சிவப்புத் தோல் கிழங்கு. ஒல்லாந்தில் 1962இல் வெளிவந்த பழைய இனம். கொஞ்ச நாள் மழை இல்லாவிட்டாலும் சமாளிக்கும். ஊவாப் பக்கத்துக் காய்ச்சல் காற்றில் தண்ணீர் குறைந்த பாத்திக்கு இதை யோசிக்கலாம். கருகலுக்கு இதையும் நம்ப முடியாது.

இவற்றைத் தவிர விவசாயத் திணைக்களம் வெளியிட்ட லக்ஷ்மி, ஹில்ஸ்டார் போன்ற இனங்களும் இருக்கின்றன. மழைக்காலத்தில் நடுகிறவர்கள் விவசாயப் போதனாசிரியரிடம், "கருகலைத் தாங்குகிற இனம் இப்போது எது கிடைக்கும்?" என்று கேளுங்கள். சந்தைக்கு விற்கிறவருக்குக் கிழங்கின் நிறமும் அளவும் பெரிசு. நமக்கு, மருந்து அடிக்காமல் பிள்ளைகளின் தட்டுக்கு வருவதுதான் பெரிசு. அவருக்கு நல்ல இனம் நமக்கும் நல்ல இனமாக இருக்க வேண்டும் என்றில்லை.

முடிந்தால் இரண்டு இனம் நடுங்கள். ஒரே இனத்தை நம்பி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்து சாட்சி. அங்கே ஏழைகள் பெரும்பாலும் லம்பர் என்ற ஒரே இனக் கிழங்கைத் தின்று வாழ்ந்தார்கள். 1845இல் இதே கருகல் நோய் வந்தது. பஞ்சத்தில் பத்து இலட்சம் பேர் வரையில் மாண்டார்கள், இன்னும் பத்து இலட்சத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போனார்கள். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் பாட்டன் பூட்டன் இந்த மலைக்கு முதலில் வந்தது தேயிலைக்கு அல்ல, கோப்பிக்கு. மலை முழுக்கக் கோப்பியை மட்டும் வைத்திருந்தார்கள். 1869இல் இலைத் துரு நோய் கண்டது. இருபது வருஷத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தது. துரைமார் பயிரை மாற்றிக்கொண்டார்கள். பட்டினி கிடந்தது நம் ஆட்கள்.

விதையைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். முட்டை அளவு, உறுதியான தோல், குட்டையான தடித்த முளை மூன்று நாலு. இருட்டில் வைத்து வெள்ளையாக நீண்ட முளை உடைந்துபோகும். நேர் வெயில் படாத, வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் தட்டில் பரப்பி வையுங்கள். பச்சையாக மாறினால் விதைக்கு நல்லது. ஆனால் பச்சைக் கிழங்கு நஞ்சு. அதைக் கறிக்கு எடுக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். பெரிய கிழங்கை வெட்டி நடுவதை மழை நாளில் தவிருங்கள், அழுகிப்போகும்.

அடுத்த தடவைக்கு நாமே விதை எடுக்கலாம். அறுவடை முடிந்து மிஞ்சிய பொடிக் கிழங்கை விதைக்கு ஒதுக்குகிற பழக்கம் நமக்கு இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். நோயுள்ள செடிதான் பெரும்பாலும் பொடிக் கிழங்கு தரும். செடி பச்சையாக நிற்கும்போதே வாடாத, இலை சுருளாத, நல்ல செடிகளுக்குப் பக்கத்தில் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். அவற்றிலிருந்து மட்டும் விதை எடுங்கள். இரண்டு மூன்று போகத்துக்குப் பிறகு புது விதைக்கு மாறுங்கள். வாடல் கண்ட பாத்தியிலிருந்து ஒரு கிழங்கும் விதைக்கு வேண்டாம். அங்கே போஞ்சி, கோவா, லீக்ஸ், சோளம் என்று மாற்றுங்கள்.

இனிச் சங்கத்து வேலை. விதையைக் கடனுக்குக் கொடுத்து, விளைந்த கிழங்கைத் தான் சொன்ன விலைக்கே வாங்குகிற வியாபாரம் உங்களுக்குத் தெரியும். அரைப் பேர்ச் பாத்திக்காக யாரும் அந்தக் கடனில் விழ வேண்டாம். பத்து வீடு சேர்ந்து விதைச் சீட்டுப் போடுவோம். ஒரு வீட்டுக்கு மூன்று கிலோ என்றாலும் பத்து வீட்டுக்கு முப்பது கிலோ. அத்தனை கிலோவுக்குச் சேர்ந்து போய், அத்தாட்சி பெற்ற விதையைக் கமநல சேவை நிலையம் வழியாகக் கேட்கலாம். பில் கேட்கலாம், எங்கே விளைந்தது என்று கேட்கலாம். தனியாகப் போனால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைப்பதில்லை.

போதனாசிரியர் கிராமத்துக்குப் போவது போலத் தோட்டத்துக்கும் வர வேண்டும் என்று எழுத்தில் கேட்போம். லயத்துப் பாத்தியை நிர்வாகம் நினைத்த நேரம் பிடுங்காதபடி உறுதியும் கேட்போம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். "வீட்டுத்தோட்டம் இருக்கிறதே, சம்பளம் எதற்கு?" என்று யாராவது சொன்னால், 40 கிலோ கிழங்கு எத்தனை நாள் சாப்பாடு என்று அவரையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். பாத்தி குழந்தைக்குக் கூடுதலாக ஒரு கறி. சம்பளம் நம் உழைப்புக்கு உரியது. ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது.

விதைச் சீட்டில் சேருகிறவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் மாதர் சங்கத் தலைவியிடம் பெயரையும், எத்தனை கிலோ வேண்டும் என்பதையும் கொடுங்கள். போன போகத்தில் உங்கள் பாத்தியில் வாடல் வந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கீழ் லயத்துக்காரர் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.