மனக்கஷ்டத்துக்கு ஒரு டெலிபோன் – என் அனுபவம்

(மைசூர் கிளையின் மாதக் கூட்டத்தில் பேசியது)



ஓய்வுக்குப் பின் ஆரோக்கியம் பற்றிப் பேசும்படி செயலாளர் சொன்னார். பி.பி., சர்க்கரை, முழங்கால் எல்லாவற்றையும் போன மாதம் டாக்டர் ஒருவர் சொல்லிவிட்டார். அவர் விட்டுவைத்த ஒன்றை நான் எடுத்துக்கொள்கிறேன். எழுபத்தாறு வயதில் இதை மேடையில் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

என் ஆத்துக்காரி 2022 ஜனவரியில் காலமானாள். எங்களுக்கு இரண்டு பெண்கள், பிள்ளை இல்லை. அதனால் காரியங்களை எல்லாம் நானே செய்தேன். மாசிகம், ஊனம், வருஷாப்திகம் என்று ஒரு வருஷம் ஓடிவிட்டது. சாஸ்திரிகளுக்குப் போன் செய்வது, எள்ளும் தர்ப்பையும் வாங்குவது, சமையலுக்கு ஆள் பார்ப்பது என்று ஏதாவது வேலை இருந்துகொண்டே இருந்தது. இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் மனசு அறிந்தவர்கள். ஆனால் வருஷாப்திகம் முடிந்து பெண்கள் ஊருக்குக் கிளம்பிய மறுநாள் எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. அன்றைக்குத்தான் அவள் உண்மையில் போனாள்.

மூன்று மணிக்கே முழிப்பு. குக்கரஹள்ளி ஏரிக்கரை நடை நின்றுபோனது. பேப்பர் பிரிக்கப்படாமல் சோபாவில் சேர்ந்தது. சாதத்தை நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைப் போடுவேன். பிறகு, இனி எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று ஓர் எண்ணம். ஒரு நாள் வந்தால் பரவாயில்லை. தொடர்ந்து பல இரவு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஆபீஸில் முப்பது பேரை மேய்த்தவன், அழுகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அமெரிக்காவில் இருக்கும் பெரியவள் என் குரலிலேயே கண்டுபிடித்துவிட்டாள். பணம் கட்டி ஒரு ஆன்லைன் சேவையில் சேர்த்தாள். அங்கே ஒவ்வொரு வாரமும் புதுப்புது ஆள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை நான் போனை வைத்துவிட்டேன். இது நமக்குச் சரிப்படாது என்று தீர்மானித்தேன்.

அதற்கப்புறம் ஒரு ராத்திரி, பேப்பரில் பார்த்துக் குறித்து வைத்திருந்த 14416 என்ற எண்ணைச் சுற்றினேன். டெலி மானஸ் என்று பெயர். மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ஆம் தேதி, அதாவது உலக மனநல தினத்தன்று, தொடங்கியது. இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது, தமிழ், கன்னடம் உட்பட இருபது மொழிகளில் பேசலாம். பெங்களூர் நிம்ஹான்ஸ்தான் இதற்குத் தலைமை நிலையம். முதலில் எடுப்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்.

எடுத்தது ஒரு பெண், என் பேத்தி வயசு இருக்கும். பத்து நிமிஷம் நான் தூக்கத்தைப் பற்றியே பேசினேன். அவள் நேராகவே கேட்டாள்: "சார், உயிரோட இருக்க வேண்டாம்னு தோணறதா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம் என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதும் நெஞ்சில் ஏதோ இறங்கினாற்போல் இருந்தது. இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடும் என்று நாம் பயப்படுகிறோம். அது தப்பு என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. "இப்ப ஆத்துல கூட யார் இருக்கா? யாரையாவது கூப்பிடலாமா?" என்று கேட்டு, மறுநாள் திரும்பவும் பேசினாள்.

மனநல மருத்துவர் முதலில் எழுதிக் கொடுத்தது ரத்தப் பரிசோதனை! தைராய்டு, பி12 இரண்டும். பி12 மிகவும் குறைவு. நம்மைப் போல சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும், வயசானவர்களுக்கும், நெடுநாள் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் இது சகஜமாம். சோர்வுக்கும் மறதிக்கும் இதுவும் ஒரு காரணமாகலாம். நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, எனக்கே தோன்றவில்லை பாருங்கள். மனச்சோர்வுக்கான மாத்திரையும் கொடுத்தார். அது வேலை செய்யச் சில வாரம் ஆகும், பாதியில் நிறுத்தக் கூடாது என்றார்.

வாராவாரம் பேசுவதற்கு, கோயம்புத்தூரிலிருக்கும் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டைப் பெண் தேடிப் பிடித்தாள். செவ்வாய்க்கிழமை பத்து மணி, வீடியோவில். இவர் மருந்து எழுத மாட்டார், அது டாக்டர் வேலை. இவர் எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொன்னார். மணிக்கு மணி என்ன செய்தேன், மனசு பத்துக்கு எத்தனை மார்க். ஆபீஸ் லாக் புக் மாதிரி இருந்ததால் எனக்குப் பிடித்துவிட்டது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், தினமும் சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரை இரண்டு மார்க்தான். அவள் காப்பி போடும் நேரம்! அது வரை நாள் பூராவும் ஒரே இருட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்கு வெளியே போங்கள் என்றார். மனசு வந்தால் போகிறேன் என்றேன். "மனசு வரதுக்குக் காத்திருக்காதீங்க சார். நீங்க கிளம்புங்க, மனசு பின்னால வரும்" என்றார். இதில் எங்களுக்குள் ஒரு மாதம் வாக்குவாதம். கடைசியில் ஏரிக்கரைக்குப் போனேன். முதல் நாள் பாதியிலேயே திரும்பிவிட்டேன். மார்க் மூன்று.

அவளுடைய மொபைலுக்கு நான் இன்னமும் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தேன். பைத்தியக்காரத்தனமா என்று கேட்டேன். "யாருக்காவது இதனால கெடுதலா?" என்றார். அதோடு விட்டுவிட்டார். ரீசார்ஜ் இன்றும் நடக்கிறது.

திரையில் தெரிகிற முகம் எப்படி மனசைப் புரிந்துகொள்ளும் என்று நண்பர் கேட்டார். அவருக்கு நம் ஊர்க் கதையையே சொன்னேன். 1935-இல் இதே மைசூரில் தன் வீட்டிலேயே 'ஆகாசவாணி' வானொலி நிலையத்தைத் தொடங்கியவர் எம்.வி. கோபாலஸ்வாமி. அவர் இன்ஜினீயர் இல்லை. மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மனோதத்துவப் பேராசிரியர்! தூரத்துக் குரல் மனசைத் தொடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சில விஷயங்கள் மட்டும் கவனம். கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போன் மாட்டிப் பேசுங்கள். வேலைக்காரி இருந்தால் மனசு திறக்காது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். எண்ணைக் கேளுங்கள், கோபித்துக்கொண்டால் வேறு ஆளைப் பாருங்கள். ஓ.டி.பி. யாருக்கும் சொல்லாதீர்கள். ரகசியம் வெளியே போகுமோ என்ற பயம் வேண்டாம்; 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் அதைக் காப்பாற்றும் கடமையை அவர்கள் மேல் வைத்திருக்கிறது.

இப்போது எனக்கு மாதம் ஒரு தடவைதான். போன வாரம் சாயங்கால மார்க் ஆறு. அவள் திதி வந்த வாரம் மறுபடியும் இரண்டு. நோட்டுப் புத்தகம் பையில் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் காப்பி சமயத்தில் கேளுங்கள், காட்டுகிறேன்.