சட்டைப்பைக் கத்தி: கருவியா, ஆயுதமா?



சில ஆண்டுகளுக்கு முன்பு, மாதேஸ்வரன் மலையின் அடிவாரத்தில் இருந்த சோதனைச் சாவடி ஒன்றில் வனக்காவலர் ஒருவர் நம்மை நோக்கி, “ஆயுத ஏனாதரூ இதெயா?” என்று கன்னடத்தில் வினவினார். ஆயுதம் ஏதேனும் உண்டா என்பது அதன் பொருள். “இல்லை” என்று தயங்காமல் விடையிறுத்தோம். பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் நமக்குச் சிறிதும் இல்லை. பிறகு கட்டணம் செலுத்தச் சில்லறை தேடிக் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டோம். நாணயங்களோடு ஒரு மடக்குக் கத்தியும் வெளியே வந்துவிட்டது. காவலர் அதைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார், “இதேனு சார்?” என்றார்.

பழம் நறுக்கவும், பொட்டலம் பிரிக்கவும், பென்சில் சீவவும் பல ஆண்டுகளாக நம்மோடு திரிந்த கத்தி அது. அதை ஆயுதம் என்று நாம் ஒருபோதும் எண்ணியதில்லை. நல்ல மனிதராகிய அக்காவலர் சிரித்துக்கொண்டே, அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி வண்டியிலேயே விடுமாறும், கையில் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்க வேண்டா என்றும் கூறி அனுப்பினார். நம் தொழில் மொழிபெயர்ப்பு. நடுவண் அரசின் அலுவலகத்தில் சட்டச் சொற்களுக்குத் தமிழ் தேடி வயிறு வளர்ப்பவர் நாம். கருவி என்பதற்கும் ஆயுதம் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு காட்டுக் காவலரிடம் கற்க நேர்ந்தது சற்று வெட்கமாகவே இருந்தது.

தமிழகத்தின் வடமேற்கு எல்லையை அடுத்து, மைசூரிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில், சுற்றிலும் மலைகள் சூழ அமைந்தது இத்தலம். இது அடங்கிய பழைய கொள்ளேகால் வட்டம் 1956-ஆம் ஆண்டு வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது மைசூருடன் இணைந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. எல்லை மாறினாலும் அடியார் மாறவில்லை. சேலம், ஈரோடு, தருமபுரிப் பக்கத்துக் குடும்பங்கள் இன்றும் புலியேறும் மாதேஸ்வரனைத் தேடி வருகின்றன. மைசூரிலும் பெங்களூரிலும் குடியேறிய நம்மைப் போன்றோர்க்கோ, ஊர்ப்பேச்சைக் காதாரக் கேட்க அதுவும் ஓர் இடம்.

2013-ஆம் ஆண்டில் இம்மலையைச் சூழ்ந்த காடு வனவுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. இங்கேதான் நம் கத்தியின் பெயர் மாறுகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், தலைமை வனவுயிர்க் காப்பாளரின் எழுத்து வடிவான முன் அனுமதி இன்றி எவரும் ஆயுதத்துடன் சரணாலயத்துள் நுழைதல் கூடாது என்கிறது. ஆயுதம் யாது என்று அச்சட்டமே விளக்குமிடத்தில் வில், அம்பு, தூண்டில் முள், வலை, நஞ்சு, கண்ணி ஆகியவற்றோடு கத்தியையும் சேர்த்திருக்கிறது. இத்தனை அங்குலக் கத்தி என்ற அளவு அங்கே இல்லை.

1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தைப் புரட்டினால் வேறொரு குரல் கேட்கிறது. வீட்டுப் பயனுக்கும் உழவுப் பயனுக்கும் மட்டுமே அமைந்த பொருள்களை அச்சட்டம் படைக்கலத்தில் சேர்ப்பதில்லை; தடியையும் சாதாரணக் கைத்தடியையும் எடுத்துக்காட்டாகவே கூறி விலக்குகிறது. அதன்கீழ் எழுந்த விதிகளின் அட்டவணை 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற அலகுடைய கத்திகளைக் குறிப்பிடுகிறது. அங்கும் வீடு, உழவு, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென அமைந்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆக, ஒரே கத்தி ஒரு சட்டத்தில் கருவி, மற்றொன்றில் ஆயுதம். மொழிபெயர்ப்பாளன் அகராதியைப் பார்த்து முடிவு செய்யக்கூடிய செய்தியன்று இது.

தில்லியில் வாழும் நேயர்கள் இன்னும் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். பொத்தானை அழுத்தினாலோ வேறு விசைப் பொறியாலோ திறந்து மூடும் கத்திகளில், அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் அல்லது அவற்றுக்கு மேலும் உடையவற்றை அங்கே 1980-ஆம் ஆண்டின் அறிவிக்கை ஒன்று கட்டுப்படுத்துகிறது. 7.62 செ.மீ. என்பது சரியாக மூன்று அங்குலம். அந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள். கடைக்குப் போகும்போது பயன்படும்.

சாவடிக் கதையோடு அன்றைய நாள் முடியவில்லை. மலைமேல் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்தோம். பெட்டிக்குள் போன கத்தி, நாம் செய்த பிழையால், சமையலிடத்தில் மீண்டும் வெளியே வந்தது. தேங்காயின் கண்ணைக் குடைந்து நீரை வடித்துக்கொள்ளலாம் என்று எண்ணி, அலகின் நுனியை அதில் ஊன்றி நெம்பினோம். உடன் வந்திருந்த மேட்டூர்ப் பாட்டியார் ஒருவர், “தம்பி, அதெல்லாம் வேண்டாம், கல்லுல உடையப்பா” என்று சொல்லி வாய் மூடுமுன், அலகு மடங்கி நம் வலக்கைச் சுட்டுவிரலைக் கவ்விவிட்டது. ஐந்து தையல், மூன்று வாரம் எழுதுகோல் பிடிக்க இயலவில்லை. எழுதிப் பிழைப்பவனுக்கு அது சிறு காலமன்று. நான்காவது வாரத்தில் கோப்பில் இட்ட கையொப்பத்தை அலுவலகத்தார் நம்முடையது என்று ஏற்கவே தயங்கினர்.

அவ்விரலைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்த நாள்களில்தான், மடக்குக் கத்தி என்பது எவ்வாறு அமைந்தது என்று முதன்முறையாக ஆராய்ந்தோம். நம்முடைய கத்தியில் பூட்டு இல்லை. பிடியின் முதுகுப்புறத்தில் ஒரு எஃகு வில் இருந்து, விரித்த அலகை அழுத்தி நிறுத்துகிறது. கூர்விளிம்பு கீழ்நோக்கி அழுந்தும்போது அலகு விரிந்த நிலையிலேயே நிற்கும்; பழம் நறுக்குவதும் கயிறு அறுப்பதும் அத்தகைய வேலைகள். நுனியால் குத்தினாலோ, முதுகுப்பக்கம் அழுந்தும்படி நெம்பினாலோ, வில் விட்டுக்கொடுக்கும்; அலகு விரலின்மேல் மடங்கும். கத்தி நம்மை ஏமாற்றவில்லை. அதற்கென்று அமையாத வேலையை நாம் கொடுத்தோம்.

அப்படியாயின் பூட்டுள்ள கத்தியே மேல் அன்றோ என்று நீங்கள் கேட்கலாம். பூட்டு விரலைக் காக்கும் என்பது உண்மை. பிரான்சு நாட்டு ஒப்பினெல் கத்தியில், பிடியின் கழுத்திலுள்ள ஓர் உலோக வளையத்தைத் திருப்பினால் அலகு அசையாது நிற்கும். 1890-இல் தோன்றிய அக்கத்திக்கு அவ்வளையம் 1955-இல்தான் வந்தது. எளிய, கண்ணுக்குத் தெரியும் பூட்டு அது. ஆயினும் பூட்டு இருக்கிறது என்ற துணிவில் தேங்காயை நெம்பினால், விரல் தப்பலாம். அலகின் நுனி ஒடியும். எந்த மடக்குக் கத்திக்கும் அதன் கீல்தான் வலுக்குறைந்த இடம். இம்மலையின் சோலிகர் உண்ணிச்செடித் தண்டுகளைக் கொண்டு நாற்காலியும் கூடையும் செய்கிறார்கள். அத்தகைய வன்தண்டு வெட்டும் வேலைக்குரியது கன்னடத்தார் மச்சு என்னும் வெட்டரிவாள். அதை மடக்க முடியாது. மடக்க வேண்டிய தேவையும் இல்லை.

மடக்கும் கலை நமக்குப் புதிதென்று எண்ண வேண்டா. ஏட்டில் எழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என்ற ஒன்று நம்மவர் கையில் இருந்தது. மரத்தாலோ தந்தத்தாலோ கொம்பாலோ ஆன கூடு போன்ற பிடி. ஒருபுறம் எழுத்தாணி, மறுபுறம் ஓலையை வாரித் திருத்தக் கத்தி. ஆசிரியரும் கணக்கரும் அதை உடன் கொண்டு சென்றனர். உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்று நூலில் எழுத்தாணி வகைகளைச் சொல்லுமிடத்தில் இதனையும் விளக்கியிருக்கிறார். அதைக் கண்டு யாரும் அஞ்சியிருக்க மாட்டார்கள். சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் 1897-இல் பதிவு செய்த படையதிகாரிக் கத்தியும் பெயரளவில்தான் படையைச் சேர்ந்தது. திருகாணி முடுக்கியும் புட்டித் திறப்பானும் தாங்கிய அதைக் கண்டால் தச்சர் நினைவே வரும். மாறாக, உத்தரப் பிரதேசத்து இராம்பூர்க் கத்தியை எண்ணிப் பாருங்கள். இந்தித் திரைப்படத்து முரடன் அதைத் திறக்கும் ஓசையே அரங்கை அச்சுறுத்தும். அவ்வூர்ச் சந்தியில் 2023-இல் 20 அடி நீளத்தில் ஒரு கத்தியையே நிறுத்தியிருக்கிறார்கள். கைத்திறனில் அது குறைந்ததன்று. ஆனால் கொய்யாப்பழம் நறுக்க அதை யாரும் வாங்குவதில்லை.

இனி, வாங்கும் முறை. ஊரிலிருந்து தாயார் அனுப்பிய பொட்டலத்தின் சணல் கயிறு, இரயிலில் ஒரு மாம்பழம், ஒட்டிய உறை, சட்டையில் தொங்கும் நூல் ஆகியவையே நம் அன்றாட வேலைகள். இவற்றுக்கு ஆறு அல்லது ஏழு சென்டிமீட்டர் அலகு தாராளம். மூன்று அங்குலத்துக்குள் அடங்கும் கத்தி எந்த ஊரிலும் சமையலறையின் உறவினனாகவே தோன்றும். அலகின் பள்ளத்தில் நகத்தை வைத்து இரு கையாலும் திறப்பதாக இருக்கட்டும். பொத்தான் கத்தியை, விற்பவர் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், வாங்காதீர்கள்.

கடையிலேயே மெல்லத் திறந்து பாருங்கள். திறந்த முடிவிலும் மூடிய முடிவிலும் ‘டக்’ என்ற திண்ணிய ஒலி கேட்க வேண்டும். கேட்காவிடில் வில் நொய்ந்தது. விரித்த அலகைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடக் கூடாது. மூடிய பின் பிடியின் விளிம்பில் விரலை மெல்லத் தடவுங்கள். அலகின் நுனி எங்கேனும் தலை நீட்டினால் அக்கத்தி உங்கள் பையையும் தொடையையும் ஒருநாள் கிழிக்கும். விலையுயர்ந்த கத்தியிலும் இக்குறையைக் கண்டிருக்கிறோம்.

எஃகில் இருவகை. கரிம எஃகு எளிதில் கூர் ஏறும். ஆனால் மாங்காயும் எலுமிச்சையும் பட்டால் கறுக்கும், ஈரத்தில் துருவேறும். துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் கலந்திருப்பதால் அத்தொல்லை குறைவு. நல்ல கூர் ஏற்றச் சற்றுப் பொறுமை வேண்டும். மும்பை, கொல்கத்தா போன்ற கடற்காற்றும் புழுக்கமும் உள்ள ஊர்களில் வாழ்வோர், வியர்வை படும் பையில் வைப்பதாயின், இரண்டாவதையே கொள்க. தில்லி, ஜெய்ப்பூர் போன்ற வறண்ட ஊர்க்காரர் முதலாவதை வாங்கி, துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் இட்டு வைத்தால் பேரன் கைக்கும் போகும். தெருவில் சக்கரத்தில் சாணை பிடிப்பவரிடம் மட்டும் சிறு கத்தியைக் கொடுக்காதீர்கள். பொறி பறக்கத் தேய்க்கும்போது மெல்லிய விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்தால், எஃகு தன் உறுதியை இழந்துவிடும். வீட்டில் ஒரு தட்டைச் சாணைக்கல்லில், நீர் தெளித்து, அலகைச் சற்றே சாய்த்துப் பக்கத்துக்குப் பத்து முறை இழுத்தால் போதும். மழுங்கிய கத்தியே விரலை வெட்டும். நாம் அதிகமாக அழுத்துவது அதைத்தான்.

பயணத்தைப் பற்றி ஒரு சொல். வானூர்தியில் ஏறும்போது கத்தி கைப்பையில் செல்லாது. சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வையுங்கள். மறந்து எடுத்துச் சென்றால் அதைச் சோதனை மேசையில் விட்டுவர நேரும். தந்தையார் தந்த ஒரு கத்தியை நாம் அவ்வாறு இழந்தோம். மெட்ரோ நிலையங்களிலும் கூர்ங்கருவிகளைத் தடுக்கக்கூடும். சரணாலயம் எதுவாயினும், மேலே சொன்ன சட்டம் நாடெங்கும் ஒன்றே.

இப்போது நம்மிடம் இருப்பது ஆறரைச் சென்டிமீட்டர் அலகும் மரப்பிடியும் உள்ள எளிய கத்தி. அண்மையில் மீண்டும் மாதேஸ்வரன் மலைக்குச் சென்றோம். சாவடியில் வேறொரு காவலர், இளைஞர், அதே கேள்வி. “இல்லை” என்றோம். பையில் நாணயங்கள் மட்டுமே இருந்தன. கத்தி மைசூரில் எழுதுமேசையின் இழுப்பறைக்குள் இருந்தது. மலைமேல் தேங்காயைக் கல்லில் உடைத்தோம். நீரில் பாதி தரையில் போயிற்று.