பிள்ளையைத் தொடும் கை



ராசிபுரம், ஆத்தூர், திருச்செங்கோடு என்று எந்தப் பக்கம் போனாலும் இன்று பிரசவம் என்றால் ஆஸ்பத்திரிதான். நல்லதுங்க. ஆனால் ஆஸ்பத்திரிக்குள் கிருமி வராது என்று மட்டும் எண்ண வேண்டாம். பல பேரைத் தொடும் கை அங்கேதான் இருக்கிறது.

வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றை டாக்டர்களும் மாணவர்களும் பார்த்தார்கள், மற்றதை மருத்துவச்சிகள் பார்த்தார்கள். டாக்டர்கள் பார்த்த வார்டில்தான் பிரசவக் காய்ச்சலில் தாய்மார்கள் அதிகம் செத்தார்கள்! ஏன்? பிணத்தை அறுத்த கையோடு வந்து பிரசவமும் பார்த்தார்கள். 1847-ல் செம்மல்வைஸ் என்ற டாக்டர் இதைக் கண்டுகொண்டு, குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவாமல் வார்டுக்குள் வரக்கூடாது என்றார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு ஜூனில் 2 ஆகக் குறைந்தது. நம் ஊர் மேல்தொட்டியில் போடுகிறோமே பிளீச்சிங் பவுடர், அந்த இனம்தான் அது. (வீட்டில் அதைக் கைக்குப் போடாதீங்க, தோல் புண்ணாகிவிடும். சோப்பே போதும்.) அப்படியும் பெரிய டாக்டர்கள் பலர் ஒப்பவில்லை. உன் கை அழுக்கு என்றால் யாருக்குத்தான் ரோஷம் வராது?

அதனால் டாக்டர், நர்ஸ், ஆயா எல்லாருக்கும் கை கழுவப் பாடம் உண்டு. கண்ணைக் கட்டி, சோப்புக்குப் பதில் சாயத்தைக் கொடுத்துத் தேய்க்கச் சொல்வது ஒரு வழி. கட்டை அவிழ்த்துப் பார்த்தால் கட்டைவிரல், விரல் நுனி, விரல் இடுக்கு எல்லாம் சாயம் படாமல் நிற்கும். கிருமி தங்குகிற இடமும் அதுதான். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி, ஸ்பிரிட் கலந்த திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். கையில் ரத்தமோ அழுக்கோ கண்ணுக்குத் தெரிந்தால் சோப்பும் தண்ணீரும்தான். கையுறை இருக்கிறதே என்பார்கள் சிலர். ஒரு கட்டிலில் போட்ட உறையோடு அடுத்த கட்டிலுக்குப் போனால் என்ன பிரயோஜனம்?

"நர்ஸம்மா, கை கழுவியாச்சுங்களா?" என்று நீங்களும் கேட்கலாம். வீட்டுக்காரர் கூச்சப்படாமல் கேட்க வேண்டும், வலியில் இருக்கிறவள் கேட்க முடியாது பாருங்க.

உங்கள் கையும் கைதானுங்க. பஸ்ஸில் வந்திறங்கிய அப்பத்தா நேராகப் பிள்ளையை வாங்குகிறார். கோழிப்பண்ணை வேலை முடித்த கையோடு அப்பன் தூக்குகிறான். முதலில் சோப்பு, அப்புறம் பிள்ளை. தொப்புளில் சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம், காய்ந்து தானாக விழட்டும்.

வீடு திரும்பிய பின் தாய்க்குக் காய்ச்சல், துர்நாற்றத்தோடு போக்கு, தையலில் சீழ். பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, உடம்பு சுடுவது அல்லது சில்லிடுவது, தொப்புளைச் சுற்றிச் சிவப்பது – இதில் ஒன்று கண்டாலும் கைவைத்தியம் பார்த்து விடியட்டும் என்று இருக்காதீங்க. ராத்திரியானாலும் 108-க்குப் போன் போடுங்க.