கூரைக்கும் வெள்ளை அடிப்போம்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் கூரையைப் பற்றிப் பேச வந்துள்ளேன். பங்குனியில் நம் பிள்ளைகள் தேர்வுக்குப் படிக்கும் வேளையில், தலைக்கு மேலுள்ள காங்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் கக்குகிறது. பையன் புத்தகத்தோடு தெருவிளக்கடிக்குப் போய்விடுகிறான். பெண்பிள்ளைக்கு அந்த வழியும் இல்லை, உள்ளேயே புழுங்குகிறாள்.

ஓலைக்கூரையே குளிர்ச்சி என்பார் சிலர். உண்மைதான். முல்லையாற்றங்கரைத் தோப்புகளில் தென்னங்கீற்றுக்கும் பஞ்சமில்லை. ஆனால் ஓலையின் பெருமை பேசுவோர் பெரும்பாலும் அதன்கீழ்க் குடியிருப்பதில்லை! 1968 டிசம்பர் 25 அன்று இரவு கீழவெண்மணியில், ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த நம் மக்கள் 44 பேர் தீயிட்டுக் கொளுத்தப்பட்டு மாண்டனர். அந்தக் கூரைக்கு நாம் திரும்ப வேண்டியதில்லை. 2024-இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டமும் ஓலைக்கூரை, கல்நார்க்கூரை இரண்டையும் விலக்கியே வீடு கட்டச் சொல்கிறது. ஆகவே தளம் இருக்கட்டும். அதன் சூட்டைத் தணிப்போம்.

சித்திரையில் கௌமாரியம்மன் திருவிழாவுக்குச் சுவர்களுக்கெல்லாம் வெள்ளை அடிக்கிறோம். மொட்டை மாடிக்கு யாராவது அடிக்கிறோமா? அதைப் பார்ப்பார் இல்லை என்று விட்டுவிடுகிறோம். சூரியன் பார்க்கிறானே! மழையில் கறுத்த சிமெண்டுத் தளம் தன்மேல் விழும் வெயிலில் நூற்றுக்கு 20 முதல் 30 பங்கைத்தான் திருப்பி அனுப்பும், எஞ்சியதை விழுங்கிக்கொள்ளும். புதிதாய் அடித்த சுண்ணாம்போ 70 பங்குக்கு மேல் திருப்பிவிடும். பணக்காரர் சமாச்சாரம் அன்று இது. தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை வகுத்தது.

புதிதாய்த் தளம் போடுவோர்க்கு வேறொரு வழியும் உண்டு. கேரளத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், ஏழைகளின் வீடுகளுக்குப் பழைய மங்களூர் ஓடுகளைப் பயன்படுத்தினார். தளத்தின் மேற்பகுதி அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பகுதியில் இழுவையைத் தாங்குவது கம்பிதான், காங்கிரீட்டன்று. எனவே கம்பிகளுக்கு இடையில் இரண்டிரண்டு ஓடுகளைக் கவிழ்த்தும் மல்லாத்தியும் வைத்து அதன்மேல் காங்கிரீட் ஊற்றினார். சிமெண்டு மிச்சம், ஓடுகளுக்கு இடையே அடைபட்ட காற்று வெப்பம் இறங்குவதைக் குறைக்கும். பொறியாளர் கணக்கிட்டுத் தராமல் இதைச் செய்யலாகாது. நம் கொத்தனார் இளைஞர்கள் இதைக் கற்றுக்கொண்டால் அவர்களுக்குத் தொழிலும் பெருகும்.

இனி நாளைக்கே செய்யக்கூடியது. தளத்தைக் கழுவிப் பாசி நீக்கி, நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டி, வஜ்ஜிரம் காய்ச்சிச் சேர்த்து, இரண்டு முறை பூசுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைந்துபோகும். ஆண்டுதோறும் மாசி முடியுமுன் அடிக்க வேண்டியதுதான். சங்கத்துப் படிப்பகத்தின் மாடியில் தொடங்கலாம். கல்நார்த் தகடு வேய்ந்த வீடானால் மேலே ஏறாதீர்கள், உடையும்; சுரண்டவும் வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. சுண்ணாம்பு நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும்; சிறுவர்களை அருகில் விடாதீர்கள்.