ஓரறைப் பள்ளிக்கூடமும் அதன் இடாப்பும்

(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இங்கே வீற்றிருக்கும் பெரியோர்களில் அநேகர் எழுத்தறிந்தது ஒரே அறையில்தான். தகரக் கூரை, ஒரு கரும்பலகை, ஓர் உபாத்தியாயர். அரிவரிப் பிள்ளைகள் ஒரு மூலையில் பாடம் ஒப்புவிக்க, ஐந்தாம் வகுப்பு மறு மூலையில் கணக்குப் போடும். பள்ளி விட்டபின் அதே உபாத்தியாயரிடம் இந்தியாவுக்குக் கடிதம் எழுதிக்கொள்ள லயத்து ஜனங்கள் வருவார்கள்.

நான் மிஷன் பாடசாலையில் படித்தவன். ஆகையால் மிஷனைப் பற்றிச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. தோட்டத் தமிழர்க்கென 1854 இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கிற்று. சட்டம் வாய் திறக்க அதன்பின் 53 வருஷம் சென்றது. 1907 ஆம் ஆண்டுச் சட்டமே, ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி தருவதும் தகுந்த அறை ஒதுக்குவதும் தோட்டத்துரையின் கடமை என்றது. அந்தத் தகுந்த அறை சில தோட்டங்களில் லயத்தின் கோடிக் காம்பிராவாகவே முடிந்தது! 1960–61 இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் ஏற்றபோதும் தோட்டப் பள்ளிகள் வெளியே நின்றன. 1977 முதலே அவை படிப்படியாக ஏற்கப்பட்டன. பின்னர் சுவீடன் தேசத்து உதவியோடு பல இடங்களில் புதுக் கட்டடம் எழுந்தது. பழைய அறை விறகுக்கும் உடைந்த வாங்குக்கும் இடமாயிற்று.

அந்தச் சுவரைக் காப்பது நல்லது. ஆனால் அதற்கு முன் காக்கவேண்டியது அலுமாரிக்குள் இருக்கும் சேர்விடாப்பு. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, அவ்வளவுதான். 1948 இல் பிரஜாவுரிமை இழந்த நம்மவரிடம் 1949 ஆம் ஆண்டுச் சட்டம், விவாகமானவர்க்கு ஏழு வருஷம், ஆகாதவர்க்குப் பத்து வருஷம் இங்கே வசித்ததற்கு அத்தாட்சி கேட்டது. லயத்து வீட்டில் காகிதம் எது? செக்றோலும் இந்த இடாப்புமே. 1964 ஒப்பந்தத்தின் பின் கப்பலேறிய பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். இன்று நீலகிரியிலுள்ள பேரன் தன் பாட்டனாரின் தோட்டத்தைத் தேடினால், அந்த ஒரு வரிதான் வழிகாட்டும்.

நம் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் மழையைச் சொல்லவேண்டியதில்லை. 2003 இலும் 2017 இலும் மண் சரிந்ததைக் கண்டோம். கறையானோ மழைக்கும் காத்திராது.

கம்பளைக்கு அருகே ஒரு பழைய லயத்தில் 2007 முதல் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையொன்று இருக்கிறது. லயத்துக்கு அது ஆகுமானால் பள்ளிக்கும் ஆகும். அதற்குப் பணம் சேரும்வரை நாம் சும்மா இருக்கவேண்டாம். அதிபரிடம் அனுமதி பெற்று, ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படமெடுப்போம். மூலம் பாடசாலையிலேயே இருக்கட்டும். ஒரு பிரதி வலயக் கல்வி அலுவலகத்துக்கு, ஒரு பிரதி சங்கத்துக்கு. குடும்ப விபரமாதலால் முகநூலில் எவரும் போடலாகாது. எழுத்து மங்கிய இடங்களில் பெயரை வாசித்துச் சொல்லப் பெரியோர்கள் வரவேண்டும். வருகிற போயா தினத்தன்று காலை எட்டு மணிக்கு, எவரெவர் எந்தத் தோட்டத்துக்குப் போகலாம் என்பதை இப்போதே காரியதரிசியிடம் பதிந்துகொள்ளுங்கள்.