வாக்கை யாருக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்காதீர்கள்

(முதல்முறை வாக்களிக்கவிருக்கும் மாணவர்களிடையே மதுரையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்த தம்பி, "எந்தக் கட்சிக்கு வாக்களிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் அண்ணா, அடிதடி ஆகிவிடும்" என்றார். சொல்லப் போவதில்லை. ஒருகாலத்தில் நான் அதை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தவன். பத்தாண்டுகள் ஒரு கட்சிக்கு வாக்குச்சாவடி முகவராக உட்கார்ந்திருக்கிறேன். சுவரெழுதியிருக்கிறேன். எதிர்க்கட்சிக்காரர் என்பதற்காகச் சொந்தச் சித்தப்பாவிடம் மூன்று ஆண்டுகள் பேசாமல் இருந்திருக்கிறேன். எங்கள் சேரியில் அறுபது வீடுகள், கொடிக்கம்பங்கள் இரண்டு. கம்பத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் சித்தப்பா வகையறா.

ஒரு ஐப்பசி மாதம் என் பெரியம்மா இறந்தார். எங்கள் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது, வயல் வரப்பில்தான் பாடையைத் தூக்கிப் போக வேண்டும். அன்று நல்ல மழை. வரப்பெல்லாம் முழங்கால் அளவு தண்ணீர். ஊர்த் தெரு வழியாகப் போனால் பத்து நிமிடம். நான் எங்கள் கட்சியின் கிளைச் செயலாளரைத் தேடிப் போனேன். பத்தாண்டுகளாக 'அண்ணே' என்று கூப்பிட்டவர். அவர் வீட்டுத் திண்ணையில், அவருக்குப் பக்கத்திலேயே, எதிர்க்கட்சியின் கிளைச் செயலாளரும் உட்கார்ந்திருந்தார். மேடையில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிடுகிறவர்கள். விஷயத்தைச் சொன்னேன். எங்கள் அண்ணன் சொன்னார்: "தம்பி, கட்சி வேற, ஊர் வேற." மற்றவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

அன்றைக்குத் தண்ணீருக்குள் பாடையைத் தூக்கிக்கொண்டு போனோம். எனக்கு முன்னால் தோள் கொடுத்தவர் நான் பேசாமலிருந்த அதே சித்தப்பா. கரையேறியதும் அவர் கேட்டார்: "ஏண்டா, நாம எதுக்குடா பேசாம இருந்தோம்?" என்னிடம் பதில் இல்லை.

தோழர்களே, "கட்சி வேற, ஊர் வேற" என்ற அந்த ஒரு வரியில் தமிழ்நாட்டுத் தேர்தல் அரசியலின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் மிதித்தால் போய்விடக்கூடிய தூரத்தில் மேலவளவு இருக்கிறது. 1996இல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. முருகேசன் போட்டியிட்டு வென்றார். 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுத் திரும்பிய அவரையும் உடன் வந்தவர்களையும் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அப்போது நான் பள்ளி மாணவன். 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 2008இல், தி.மு.க. ஆட்சியில், அண்ணா நூற்றாண்டை ஒட்டிய விடுதலையில் அவர்களில் 3 பேர் வெளியே வந்தார்கள். 2019இல், அ.தி.மு.க. ஆட்சியில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டிய விடுதலையில் 13 பேர் வெளியே வந்தார்கள். ஆட்சியும் மாறியது, நூற்றாண்டு விழாவின் நாயகரும் மாறினார். முன்விடுதலை மட்டும் மாறவில்லை.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் என்ற பெயர்களை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1996இலிருந்து 2006வரை பத்தாண்டுகள் அந்த நான்கு ஊராட்சிகளில் ஒரு தலித் தலைவரால் பதவியில் நீடிக்க முடியவில்லை. யாரும் மனுத் தாக்கல் செய்ய விடமாட்டார்கள். இல்லாவிட்டால் ஊர்க்காரர்களே ஒரு பொம்மை வேட்பாளரை நிறுத்தி, வென்ற கையோடு ராஜினாமா செய்ய வைப்பார்கள். அந்தப் பத்தாண்டுகளில் இரண்டு கட்சிகளும் மாறிமாறி ஆண்டன. 2006 அக்டோபரில் அரசு மனம் வைத்தது, மாவட்ட நிர்வாகம் இறங்கி வேலை செய்தது, தேர்தல் நடந்தது. நடத்தியவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் மனம் வைத்தால் நடத்த முடியும் என்றால் பத்தாண்டுகள் ஏன் மனம் வைக்கவில்லை என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். சேரியின் வாக்கு எப்படியும் வந்துவிடும், ஊரின் வாக்குதான் கைநழுவும் என்ற கணக்கு அதற்கு முக்கியமான காரணம்.

நம்மிடம் தனித்தொகுதிகள் இல்லையா என்று கேட்கலாம். 234இல் 44 இருக்கின்றன. ஆனால் அவை எப்படி வந்தன என்பதை நினைவில் வையுங்கள். 1932 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட வகுப்புவாரித் தீர்ப்பில் ஒடுக்கப்பட்டோருக்கு 71 தனி இடங்களும் இரட்டை வாக்குரிமையும் கிடைத்தன. நம் பிரதிநிதியை நாம் மட்டும் தேர்ந்தெடுக்க ஒரு வாக்கு, பொதுத் தொகுதியில் இன்னொரு வாக்கு. காந்தியின் உண்ணாவிரதத்துக்குப் பிறகு, செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. இடங்கள் 148 ஆக உயர்ந்தன, இரட்டை வாக்குரிமை போனது. அதன் விளைவை இன்றும் அனுபவிக்கிறோம். தனித்தொகுதியில் நிற்பவர் நம்மவர். அவரை வெல்ல வைக்கும் வாக்குகளில் பெரும்பகுதி மற்றவர்களுடையது. வேட்பாளராக அறிவிப்பது கட்சித் தலைமை. வென்று உள்ளே போனால் கொறடா உத்தரவு. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, அந்த உத்தரவை மீறி அவையில் வாக்களித்தால் பதவியே போகலாம்.

சட்டமன்ற உறுப்பினருக்குக் கொறடா உண்டு. வாக்காளராகிய உங்களுக்குக் கொறடா கிடையாது. அப்படியிருக்க, கேட்காமலே போய்க் கொறடாவை ஏற்றுக்கொள்கிறோமே, அதுதான் என் வருத்தம்.

சுதந்திரமான வாக்காளர் என்றால் "எல்லாக் கட்சியும் ஒன்றுதான், நான் அரசியல் பேச மாட்டேன்" என்று சொல்பவர் இல்லை. அது சொகுசு. எல்லாக் கட்சியும் ஒன்று கிடையாது. சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கிய ஆட்சிக்கும், சாதியைத் தர்மம் என்று பேசுகிறவர்களுக்கும் வேறுபாடு தெரியாதவர் சாதி ஒழிப்பு பேச முடியாது. நோட்டாவும் தீர்வாகாது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2013இல் அது வந்தது. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில் நோட்டாவுக்கே அதிக வாக்கு விழுந்தாலும், அடுத்த இடத்தில் இருக்கும் வேட்பாளர் வென்றதாகத்தான் அறிவிப்பார்கள். கோபத்தைப் பதிவு செய்யலாம், அவ்வளவுதான்.

நமக்கு நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள். பெரியார் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் நின்றதில்லை, ஆனால் தேர்தலை விட்டு ஒதுங்கியவரும் இல்லை. 1952இல் காங்கிரசை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளை ஆதரித்தார். 1954இல் காமராசர் முதல்வரானபோது அதே காங்கிரசில் இருந்த அவரை ஆதரித்தார். 1967 தேர்தல்வரை தி.மு.க.வை எதிர்த்தார், அவர்கள் ஆட்சிக்கு வந்தபின் அந்த ஆட்சிக்குத் துணை நின்றார். கட்சி மாறிக்கொண்டே இருந்தது. அளவுகோலை அவர் மாற்றவில்லை. அண்ணல் அம்பேத்கர் காங்கிரசில் சேராமலே 1947இல் நேருவின் அமைச்சரவையில் இடம்பெற்றார், அரசியலமைப்புச் சட்டத்தை உருவாக்கினார். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முடக்கப்பட்டபோது, 1951 செப்டம்பரில் பதவியைத் தூக்கி எறிந்தார். இருவருமே ஒருவரோடு சேர்ந்து வேலை செய்தார்கள், ஆனால் யாருக்கும் அடிமைச் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை.

நேர்மையாகக் கேட்கப்படும் ஒரு கேள்வி இருக்கிறது. "இப்படி ஆளாளுக்குச் சுதந்திரமாக இருந்தால் வாக்கு சிதறி, மதவாதிகள் உள்ளே வந்துவிட மாட்டார்களா?" நியாயமான பயம். அந்தப் பயத்தால் நானும் பிடிக்காத சின்னத்தில் விரலை அழுத்தியிருக்கிறேன், தேவைப்பட்டால் மறுபடியும் செய்வேன். ஒருவரைத் தடுப்பதற்காக இன்னொருவருக்கு வாக்களிப்பது தவறில்லை. ஆனால் அந்த வாக்கைக் காட்டியே நம் வாயை அடைக்கிறார்களே, அதற்குச் சம்மதிக்கக் கூடாது. ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் எங்கே என்று கேட்டால், "இப்போது கேட்டால் எதிரிக்கு லாபம்" என்கிறார்கள். தேர்தலுக்கு முன்பு கேட்டால் எதிரிக்கு லாபம், தேர்தலுக்குப் பிறகு கேட்டால் நேரமில்லை. பிறகு எப்போதுதான் கேட்பது? சட்ட ஆணையம் அப்படியொரு சட்டத்துக்கு 2012லேயே பரிந்துரை கொடுத்தது.

நம் எண்ணிக்கை சிறியது என்று நினைக்காதீர்கள். 2016இல் காட்டுமன்னார்கோயில் தனித்தொகுதியில் தோழர் திருமாவளவன் தோற்றது 87 வாக்குகளில். அதே தேர்தலில் ராதாபுரத்தில் வித்தியாசம் 49. 2021இல் தியாகராய நகரில் 137. எங்கள் சேரியில் மட்டும் ஏறக்குறைய 180 வாக்குகள். கைக்கு வந்துவிட்ட வாக்கை யாரும் தேடி வருவதில்லை. இன்னும் முடிவாகாத வாக்கைத்தான் தேடி வருவார்கள்.

பெரியம்மா இறந்ததற்கு அடுத்து வந்த சட்டமன்றத் தேர்தலில் நாங்கள் ஒன்று செய்தோம். சித்தப்பாதான் ஆரம்பித்தார். இரண்டு கம்பங்களிலும் கொடியை இறக்கினோம். யாருக்கு வாக்கு என்று தேர்தல் முடியும்வரை யாரும் யாரிடமும் சொல்வதில்லை, வீட்டுக்குள்ளும் சொல்வதில்லை என்று பேசிக்கொண்டோம். சுடுகாட்டுப் பாதை, குடிநீர்த் தொட்டி, பெண்களுக்குக் கழிப்பறை என்று மூன்று கோரிக்கைகளை ஒரே தாளில் எழுதி, வந்த எல்லா வேட்பாளர்களிடமும் கொடுத்தோம். அதுவரை எங்கள் தெரு முனையிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்கள், அந்த முறை இறங்கி நடந்து உள்ளே வந்தார்கள். தேர்தல் முடிந்ததும் நாங்கள் விடவில்லை. கிராம சபைக் கூட்டம் நடக்கும் நாளெல்லாம் அதே தாளோடு போய் உட்கார்ந்தோம். தீர்மானமாக எழுதச் சொல்லி, எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போட்டோம். இரண்டு ஆண்டுகள் கழித்துப் புறம்போக்கு நிலத்தை அளந்து, வரப்பை ஒட்டி ஒரு சரளைப் பாதை போட்டார்கள். தொட்டியும் வந்தது. கழிப்பறை வரவில்லை.

பெரிய வெற்றி என்று இதைச் சொல்ல மாட்டேன். எங்களுக்குத் தனிப்பாதைதான் கிடைத்தது. ஊர்த் தெருவில் எங்கள் பிணம் இன்னும் போகவில்லை. அந்தத் தெரு பொதுத்தெரு, தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவு அந்தத் தெருவுக்கும் பொருந்தும். அந்த வேலை மிச்சம் இருக்கிறது, அதை எந்தக் கட்சியும் தானாக வந்து செய்து தராது.

உங்களில் பலர் கட்சிகளில் சேர்வீர்கள். சேருங்கள். வேலை செய்யுங்கள். ஆனால் உங்கள் கிளைச் செயலாளர் எந்தத் திண்ணையில், யாரோடு உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். "கட்சி வேற, ஊர் வேற" என்று அவர் சொல்லும் நாளில், "அப்படியானால் என் வாக்கும் வேறண்ணே" என்று சொல்லக்கூடிய நிலையில் உங்களை வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெய்பீம்.