அப்பீலுக்கு முன் பெட்டியைத் திறங்கள்



பதினொரு மாத ஒப்பந்தத்தை எட்டு முறை போட்டு வேலை வாங்கிய நிறுவனம், ஒன்பதாவது முறை போடவில்லை. தொழிலாளர் நீதிமன்றத்தில் நம் சகோதரர் தோற்றார். "அப்பீல் போடலாமா பாய்?" என்று நம்மிடம் வந்தார்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாதது ஆட்குறைப்பு ஆகாது என்று தொழில் தகராறுச் சட்டத்தில் 1984இல் சேர்த்த திருத்தம்தான் நிர்வாகத்துக்குக் கை கொடுத்தது. நிரந்தர உரிமையை மறுப்பதற்காகவே ஒருவரை ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாக வைத்திருப்பது முறையற்றது என்றும் அதே சட்டம் சொன்னது. அதை அங்கே யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

அப்பீல் என்று நாம் சொல்வது உண்மையில் உயர் நீதிமன்றத்தில் 226ஆவது பிரிவின்கீழ் போடும் ரிட் மனு. அங்கே சாட்சியை மறுபடி விசாரிக்க மாட்டார்கள். கீழே தாக்கலானதை வைத்துத் தீர்ப்பில் சட்டப் பிழை உண்டா என்றே பார்ப்பார்கள். சகோதரர் தாக்கல் செய்தவை மூன்று ஒப்பந்தங்கள். மீதி ஐந்தும் வீட்டு டிரங்குப் பெட்டியில்! கடனைக்கூட எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

மூன்றை வைத்தே மனு போடுகிறோம். துஆ செய்யுங்கள்.

தொழிலாளர்களுக்கும் பெண்களுக்கும் வருமானம் பாராமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞர் தரும். 1987ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது, கூச்சம் வேண்டாம். வழக்கு உள்ளவர்கள் ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, கீழ்க்கோர்ட்டில் விசாரணை தொடங்கும் முன்பே நம் அலுவலகத்துக்கு வாருங்கள்.